தலையில் பெயர் எழுதிய டப்பாக்கள்

ஜூன் 5, புதன்

கோபத்தோடு பஸ் ஏறிப் போன சித்திக்கு,

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது சித்தப்பாவிடம் நான்கு தடவை போய்ட்டு வரேன் என்றீர்கள். என்னிடம் சொன்னது ஒரே ஒரு உத்தரவு. "ஏதாவது சொல்லணும்னா எழுது. போன் பண்ணாத. உன் குரலை நான் இனி நம்பறதா இல்ல. எழுத்துல மிமிக்ரி பண்ண முடியாதுல்ல." சரி, எழுதுகிறேன். இது என் சொந்தக் கையெழுத்து. இவ்வளவு கோணலாக வேறு யாராலும் எழுத முடியாது என்பதே அத்தாட்சி.

போன மாதம் பெரிய டீச்சர் குரலில் உங்களுக்குப் போன் செய்து, "நாளைக்கு ஆய்வாளர்கள் வராங்க, இருநூறு பேருக்கு நீங்கதான் சமைக்கணும்" என்று சொன்னது நான்தான். நீங்கள் அரை மணி நேரம் வெங்காயக் கணக்குப் போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்ததும் நான்தான். அதற்குப் பிறகு நீங்கள் குளியலறையில் அழுதது எனக்குத் தெரியாது. சித்தப்பா சொல்லித்தான் தெரியும். அதற்கு மன்னிப்பை அடுத்த பத்தியில் கேட்கிறேன்.

வீட்டுச் செய்தி: சித்தப்பா சமைக்கிறார். மஞ்சள் கருவுக்கு ஏன் கரு என்று பெயர் வைத்தார்கள் என்று நேற்றுதான் புரிந்தது. கருகிவிட்டது. தொட்டுக்கொள்ள ரொட்டி என்றார். அதைத் தொடவே முடியவில்லை, உட்கொள்ளவும் முடியவில்லை. நேற்று அவருடைய மூக்குக் கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் முட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். இரண்டு மணி நேரம் தேடினார். என் மேல் கொஞ்சம் வருத்தம்.

பள்ளிச் செய்தி: நீங்கள் இல்லாத மூன்று வாரமும் சமையல் வகுப்பு நிற்காதாம். விளையாட்டு வாத்தியார் எடுக்கிறார். விசில் சாருக்கு பிரஷர் குக்கர் ஒன்றுதான் சரியான துணை, இரண்டும் மாறி மாறி அடிக்கும். அடுத்த புதன்கிழமை இரண்டாம் பீரியடில் ஆறாம் வகுப்புக்கு பிஸ்கட் செய்யச் சொல்லித் தருகிறாராம். அன்றைக்கு ஒரு வேடிக்கை நடக்கும். உங்களுக்காக வைத்தது, அவர் மாட்டிக்கொள்ளப் போகிறார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உலக உருண்டையை உருட்டிக் காட்டிய கையால் மாவு உருண்டையை உருட்டச் சொல்கிறார்களே என்று நீங்கள் புலம்பியது ஞாபகம் இருக்கிறது. அங்கே பயிற்சி எப்படி இருக்கிறது? உங்களுக்குச் சமைக்கச் சொல்லித் தருகிறார்களா, சமாளிக்கச் சொல்லித் தருகிறார்களா?

இப்படிக்கு,
வாலு (இன்னும் யாராலும் நறுக்கப்படாதது)

---

ஜூன் 8, சனி

வாலுவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஐந்து பத்தி படித்தேன், மன்னிப்பு எதிலும் இல்லை. பரவாயில்லை, இங்கே எனக்குக் கோபப்பட நேரமில்லை.

நாங்கள் இருபத்திரண்டு பேர். தையல், வேதியியல், நூலகம் என்று ஆளுக்கு ஒரு பாடம். சமையலும் சத்துணவும் முறையாகப் படித்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் கால அட்டவணையில் ஓட்டை இருந்ததால் இங்கே விழுந்தவர்கள். எனக்கும் அப்படித்தானே. பூகோளத்தில் ஆறு பீரியடைக் குறைத்தார்கள், சமையல் டீச்சர் வேலையை விட்டுப் போனார், "நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்றார் பெரிய டீச்சர். இந்த வருடம் சோதனைக்குத்தான், ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் பொறுப்பு என் கையெழுத்துக்கு என்றும் சொன்னார். அதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

எனக்கு இங்கே பயமாக இருக்கிறது. எழுதினால்தான் குறையும் போலிருக்கிறது. வீட்டில் தினமும் அடுப்பைப் பற்ற வைப்பவள்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் முப்பது பிள்ளைகள் நிற்பதாக நினைத்துக்கொண்டு பற்ற வையுங்கள் என்றார்கள். மூன்று தீக்குச்சி உடைந்தது. நான் சமைப்பது வேறு, பதினோரு வயதுப் பிள்ளை கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு இன்னொரு பிள்ளையின் பக்கம் திரும்புவது வேறு.

எங்களுக்கு நடத்துகிறவர் இருபத்தாறு வருடம் ஒரு மருத்துவமனையின் சமையலறையைப் பார்த்துக்கொண்டவர். ஆஸ்பத்திரி அம்மா என்று நாங்கள் கூப்பிடுகிறோம், அவருக்குத் தெரியாமல். நேற்று இரண்டு கிண்ணங்களை மேசையில் வைத்தார். இரண்டிலும் வறுத்து அரைத்த பழுப்புப் பொடி.

"ஒண்ணு ஓட்ஸ். இன்னொண்ணுல கொஞ்சம் வேர்க்கடலை கலந்திருக்கு. உங்க க்ளாஸ்ல கடலை ஒத்துக்காத பிள்ளை ஒண்ணு இருக்கு. எதைக் குடுப்பீங்க?"

"மோந்து பாக்கலாமா?" என்று கேட்டார் வேதியியல் ஆசிரியர்.

"நல்லா பாருங்க."

அவர் முகர்ந்தார், விரலால் தேய்த்தார், இதைக் கொடுக்கலாம் என்று ஒரு கிண்ணத்தை முன்னால் தள்ளினார். ஆஸ்பத்திரி அம்மா அதை எடுத்துக் குப்பையில் கொட்டினார். "பிள்ளை போச்சு" என்றார், குரலை உயர்த்தாமல்.

நம் பள்ளியிலும் ஆறாம் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள். உன் பஸ் சிநேகிதி, நீ கொசுறு என்று கூப்பிடுவாயே, அந்தச் சின்னப் பெண். கடலை ஒரு சிட்டிகை உள்ளே போனால் அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அவள் அம்மா எழுதிக் கொடுத்த தாள் என் கோப்பில் இருக்கிறது.

அப்படியிருந்தும் நான் என்ன செய்திருக்கிறேன் பார். புரதச் சத்து என்று எங்கேயோ படித்துவிட்டு வேர்க்கடலைப் பொடி வாங்கி வைத்தேன். பாக்கெட்டுகளைக் கிழித்து எல்லாவற்றையும் ஒரே அளவு டப்பாக்களில் கொட்டினேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. பாக்கெட்டைத் தூக்கி எறிந்தேன். ஆழமான இழுப்பறையில் அடுக்கியதால், மேலிருந்து பார்த்தால் தெரியட்டும் என்று பெயரை மூடியில் எழுதினேன். வெள்ளை இடது பக்கம், பழுப்பு வலது பக்கம். நிலப்படம் வரைந்து பழகிய புத்தி. "பேரை டப்பா மேல எழுதுங்க, மூடியில எழுதாதீங்க. மூடி இடம் மாறும்" என்று ஆஸ்பத்திரி அம்மா சொன்னபோது என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்.

விசில் சாருக்கு ஒரு குறிப்பு எழுதிவிட்டு வந்தேன். 'வேர்க்கடலை' என்ற மூடியைத் தொட வேண்டாம். கோதுமை, ஓட்ஸ், சர்க்கரை, கோகோ மட்டும் எடுங்கள். நல்லவேளை, அந்த இழுப்பறையை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. வந்தவுடன் முதல் வேலையாக எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன்.

நீ ஏதோ வேடிக்கை என்று எழுதியிருக்கிறாய். அது என்ன?

சித்தி

---

ஜூன் 10, திங்கள், மாலை ஐந்தரை

சித்தி,

உங்கள் கடிதம் நாலு மணிக்கு வந்தது. மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே படித்தேன். மிச்ச ரொட்டி இன்னும் தட்டில் இருக்கிறது.

அந்த வேடிக்கை அந்த இழுப்பறைதான்.

நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் சனிக்கிழமை சமையல் அறையைத் துடைக்க என்னையும் கூட்டிப் போனீர்கள். சாவியைப் பற்றிப் பேச அலுவலகத்துக்குப் போனீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பதினொரு மூடியையும் கழற்றி, ஒவ்வொன்றையும் பக்கத்து டப்பாவுக்கு மாட்டினேன். டப்பாக்களுக்குத் தலையில் எழுதியிருக்கிறீர்கள், நான் அவற்றின் தலையெழுத்தை மாற்றினேன். அன்றைக்கு இதைச் சொல்லிச் சொல்லித் தனியாகச் சிரித்தேன். திரும்பி வந்து சர்க்கரை என்று உப்பை அள்ளுவீர்கள், "வாலு" என்று கத்துவீர்கள், கோபம் தீர்ந்து பேச ஆரம்பித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. கொசுறுவைப் பற்றி எனக்குத் தெரியாது. அவள் கழுத்தில் ஒரு சின்னப் பை தொங்கும். "உள்ள என்ன, உன் மூளையா?" என்று தினமும் கேட்பேன். "திறக்கக் கூடாதுக்கா" என்பாள். அவ்வளவுதான் தெரியும்.

நாலே காலுக்கு உங்கள் பயிற்சி மையத்துக்குப் போன் செய்தேன். எழுதச் சொன்னீர்கள், ஆனாலும் செய்தேன். விடுதிக் காப்பாளர் எடுத்தார்.

"எங்க சித்தியக் கூப்பிடுங்க, அவசரம்" என்றேன்.

"நீ அந்த மிமிக்ரி பொண்ணா? உன் சித்தி சொல்லியிருக்காங்க. எந்தக் குரல்ல வந்தாலும் கூப்பிட வேண்டாம்னு."

"இது என் சொந்தக் குரல்ங்க. ஒரு குழந்தை செத்துப் போயிடும்."

"நல்லா அழற, சினிமாவுக்குப் போ" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை.

சித்தப்பாவிடம் சொன்னேன். "மூடி மாத்திட்டேன், கொசுறுக்கு ஆபத்து" என்றேன். "இந்தத் தடவை என் கண்ணாடி எங்க இருக்குன்னு மொதல்ல சொல்லு" என்று செய்தித்தாளைப் புரட்டினார். நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நம்பாதது ஒரு நிமிடம் எனக்கு வசதியாகக்கூட இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பெரிய டீச்சரிடம் போக வேண்டும் என்று தெரியும். என் பெயரில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. மூன்றாவது என்றால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள், வெளியூரில் வேலை பார்க்கிற அம்மா அப்பாவுக்கும் தந்தி மாதிரி செய்தி போகும். அதைவிட, பொறுப்பு உங்கள் கையெழுத்துக்கு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். நான் வாயைத் திறந்தால் உங்கள் வேலை போகும். திறக்காவிட்டால்.

வேறு வழி யோசித்திருக்கிறேன். நாளைக்கு யாருக்கும் தெரியாமல் போய் மூடிகளைத் திருப்பி மாட்டிவிடுகிறேன்.

செவ்வாய், மதியம்

முடியவில்லை. அறை பூட்டியிருக்கிறது. சாவி விசில் சாரிடம். அவர் கால்பந்துப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், நாளைக் காலையில்தான் வருவார்.

கதவுக்கு வெளியே நின்றபோது இன்னொன்று உறைத்தது. எந்தப் பக்கம் நகர்த்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வலது பக்கம் என்றால் கடலை டப்பாவின் மேல் 'ஓட்ஸ்' இருக்கும். இடது பக்கம் என்றால் 'கோகோ' இருக்கும். இரண்டுமே பிஸ்கட்டில் போகிறது. கையால் காற்றில் மூடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். அந்த வழியாகப் போன துப்புரவு அக்கா, "யாருக்கு மந்திரம் போடற?" என்று கேட்டார்.

மூடி மாற்றினேன். இப்போது மூடி மறைக்க முடியவில்லை. பார்த்தீர்களா, இப்போதும் வாய் அப்படித்தான் போகிறது. பயத்தில் போகிறது.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நாளைக் காலையில் கிடைக்கும் என்று தபால் அலுவலகப் பெண் சொல்கிறார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன், அது தெரியாதாம். வகுப்பு ஒன்பதரைக்கு.

நீங்கள் பள்ளிக்குப் போன் செய்து நிறுத்திவிடுங்கள் சித்தி. உங்கள் குரலை நம்புவார்கள்.

நான்

---

ஜூன் 12, புதன், காலை பதினொன்றரை

கண்ணு,

கடிதம் பதினொன்று பத்துக்குத்தான் என் கைக்கு வந்தது. அப்போது நான் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பீரியட் முடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

காப்பாளர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் நம் பள்ளி எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறார். லைன் கிடைக்கவில்லை. பள்ளி போன் இவ்வளவு நேரம் பிஸியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஏன் பிஸியாக இருக்கிறது? யாருக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்? சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். காப்பாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சினிமாவுக்குப் போன்னு சொல்லிட்டேங்க" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

நீ யாரிடமாவது சொன்னாயா? சொல்லியிருப்பாய். கடைசி நிமிடத்திலாவது சொல்லியிருப்பாய். இல்லை, உனக்கு என் வேலை போய்விடும் என்ற பயம். அந்த வரியை நான் ஏன் எழுதினேன். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் என் பயத்தை இறக்கி வைத்தேன், அது உன் வாயை அடைத்துவிட்டது.

கூப்பிட வேண்டாம் என்று சொன்னது நான்தானே. வேலை என்ன பெரிய வேலை. அந்தப் பிள்ளை நடுவரிசையில் உட்கார மாட்டாள். எப்போதும் முதல் வரிசை, மேசைக்கு ஒட்டினாற்போல. உயரம் போதாது என்று நான்தான் அங்கே உட்கார வைத்தேன்.

லைன் கிடைத்துவிட்டது.

பன்னிரண்டு ஐந்து. எழுத்தர்தான் எடுத்தார். பின்னால் ஒரே சத்தம். "பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க டீச்சர், விசில் சாரும் நர்ஸும் கூடப் போயிருக்காங்க" என்றார். எப்படி இருக்கிறாள் என்றேன், தெரியாது என்றார். நீ பெரிய டீச்சர் அறையில் இருக்கிறாயாம். கூப்பிடச் சொன்னேன். போய்க் கேட்டுவிட்டு வந்து, "வரமாட்டேங்குது டீச்சர், சுவரைப் பாத்து உக்காந்திருக்கு" என்றார்.

இதை நானும் விரைவுத் தபாலில் போடுகிறேன். நீ பேசாவிட்டால் பரவாயில்லை, எழுது. மூன்று வரி போதும். மூன்றுமே அவளைப் பற்றி இருக்கட்டும்.

சித்தி

---

ஜூன் 13, வியாழன்

சித்தி,

அவள் உயிரோடு இருக்கிறாள்.
நேற்று இரவு மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள்.
இன்று மதியம் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நீங்கள் கேட்ட மூன்று வரி அவ்வளவுதான். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். சீருடைக்கு மேலே ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், வீட்டிலிருந்தே. முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"அக்கா, நான் ஒரு பிஸ்கட்ட உனக்கு எடுத்து வைக்கட்டா?"

"அந்தப் பையில என்ன இருக்கு?" என்று கேட்டேன். முதல் தடவையாகச் சரியாகக் கேட்டேன்.

"ஊசி. மூச்சு நின்னா தொடைல குத்தணும்."

"வலிக்குமா?"

"தெரியல. ஒரு வாட்டி குத்தினாங்க. அப்ப நான் தூங்கிட்டேன்னு அம்மா சொன்னாங்க."

"இன்னிக்கு க்ளாஸுக்குப் போகாத" என்றேன். சிரித்தாள். "ஏமாத்தாதக்கா" என்றாள். போன வாரம்தான் பள்ளிக்கு விடுமுறை என்று சொல்லி அவளைப் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தேன்.

பெரிய டீச்சர் அறைக்குப் போனேன். பூட்டு. அன்றைக்கு அவர் பத்து மணிக்குத்தான் வருவாராம். முதல் பீரியடில் என்ன நடத்தினார்கள் என்று தெரியாது. மணி அடித்ததும் சமையல் அறைக்கு ஓடினேன். விசில் சார் இழுப்பறையைத் திறந்து டப்பாக்களை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"சார், மூடியெல்லாம் மாறியிருக்கு. நான்தான் மாத்தினேன். ஓட்ஸ் டப்பாவுலயோ கோகோ டப்பாவுலயோ கடலை இருக்கு."

"போன மாசம் மைதானத்துல பாம்புன்னு சொன்ன. முந்நூறு பேரும் பெஞ்சு மேல ஏறி நின்னோம். நானும்தான் நின்னேன். இன்னிக்கு டப்பாக்குள்ள பாம்பா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கொசுறுவும் சிரித்தாள்.

"சார், நிஜமா சார்."

"நீ க்ளாஸுக்குப் போ. நான் கோபப்படறதுக்குள்ள போ."

அவர் 'ஓட்ஸ்' மூடி போட்ட டப்பாவைக் கையில் எடுத்தார். என்னால் அதற்கு மேல் பேச முடியவில்லை சித்தி. எத்தனையோ குரலில் பேசுகிறேன், அன்றைக்கு ஒரு குரலும் வரவில்லை. பாய்ந்து டப்பாவைப் பிடித்தேன். அவர் விடவில்லை. நான் இழுத்தேன், அவர் இழுத்தார். மூடி கழன்றது. பொடி மேசை முழுக்கக் கொட்டி மேலே எழும்பியது. கடலை வாசனை. விசில் சாருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மூடியைப் பார்த்தார், முதல் வரிசையைப் பார்த்தார்.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு பொடி அவள் முகத்துக்கு நேரே பறந்திருக்காது. காப்பாற்ற வந்தவளும் நான்தான், கொட்டினவளும் நான்தான்.

அவள் இருமினாள். இரண்டாவது தடவை இருமும்போது உதடு தடித்திருந்தது. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். என் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் அந்தப் பொடி. நான் பின்னால் போனேன். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள், நான் இன்னொரு அடி பின்னால் போனேன். நான் ஏன் ஒதுங்கிப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

விசில் சார் பொடி படிந்த சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். நர்ஸ் நடைபாதையிலேயே ஊசியைக் குத்தினார். நான் குழாயடியில் நின்று கை கழுவினேன். யாரோ வந்து என்னைக் கூப்பிடும் வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தேன்.

நீங்கள் போனில் கூப்பிட்டபோது வர முடியாது என்று இல்லை. வாயைத் திறந்தால் என்ன குரலில் வரும் என்று பயமாக இருந்தது.

பெரிய டீச்சர் என்னை இரண்டு வாரம் நீக்கியிருக்கிறார். மேற்கொண்டு என்ன என்று இருபத்து நாலாம் தேதி விசாரணையில் முடிவு செய்வார்களாம். உங்களையும் அன்றைக்கு வரச் சொல்வார்கள். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எல்லாம் நானே செய்தது, சித்திக்குச் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சித்தப்பா நேற்றிலிருந்து என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார். திட்டவில்லை. "நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

முதல் கடிதத்தில் அடுத்த பத்தியில் கேட்கிறேன் என்று சொன்ன மன்னிப்பை இங்கே கேட்கிறேன். அதற்கு மட்டுமில்லை.

நான்

---

ஜூன் 16, ஞாயிறு

கண்ணு,

உன் கடிதத்தை வராந்தாவில் நின்று படித்தேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற வரியிலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். பிறகுதான் கீழே இறங்கினேன்.

நீ எழுதிக் கொடுத்தது பொய். சித்திக்குச் சம்பந்தம் இல்லை என்பது பொய். நானும் பெரிய டீச்சருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். கடலை ஒத்துக்காத பிள்ளை இருக்கிற வகுப்பறைக்குக் கடலையைக் கொண்டுவந்தது நான், பாக்கெட்டை எறிந்தது நான், மூடியில் எழுதியது நான் என்று. ஒரு பிள்ளை விளையாடி மாற்றக்கூடிய விதத்தில் ஒரு டீச்சர் எதையும் வைத்திருக்கக் கூடாது. நீ விளையாடாவிட்டாலும் ஒருநாள் யாராவது அவசரத்தில் மாற்றி மூடியிருப்பார்கள். அப்போது மாறியது என்று சொல்லக்கூட ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். இதைச் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. உன் பங்கு உன்னுடையதுதான்.

உடனே கிளம்பி வருகிறேன் என்று சொன்னேன். பெரிய டீச்சர், "பாதியில வந்து என்ன பண்ணப் போறீங்க? முடிச்சுட்டே வாங்க" என்றார். அது இரக்கமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. எனக்குக் கொடுத்த தலைப்பு காய்கறி சாலட். நான் சாலட் செய்யவில்லை. பதினொரு காலி டப்பாவைக் கடன் வாங்கி வைத்து, நம் பள்ளியில் நடந்ததைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் எழுதினவள் நான் என்று சொன்னேன். நடுவில் ஒரு தடவை நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். முடிந்ததும் வேதியியல் ஆசிரியர் கையைத் தூக்கினார். "என் லேப்ல ஆசிட் பாட்டிலுக்கும் மூடியிலதான் எழுதியிருக்கு" என்றார். எழுந்து அவர் பள்ளிக்குப் போன் செய்யப் போய்விட்டார். ஆஸ்பத்திரி அம்மா எனக்கு மதிப்பெண் போடவில்லை. "உங்களுக்கு இப்ப பயம் வந்திருக்கு. அதோட க்ளாஸுக்குப் போங்க" என்றார்.

வேலை இருக்குமா என்று தெரியாது. இருந்தால் நான் அந்த அறைக்குத் திரும்பிப் போவேன். அந்தப் பயத்தோடுதான் போவேன்.

ஒன்று கேட்கிறேன். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போ. நான் வருகிற வரைக்கும் காத்திருக்காதே. என்ன பேசுவது என்று யோசித்துத் தயார் செய்துகொண்டு போகாதே, நீ தயார் செய்தால் அதில் ஒரு சிரிப்பு வந்துவிடும். உள்ளே விடாவிட்டால் வாசலிலேயே சொல்லிவிட்டு வா.

சித்தி

---

ஜூன் 19, புதன்

சித்தி,

நேற்று சாயங்காலம் போனோம். மாடியில் வீடு, இருபத்தாறு படி. படிக்குப் படி திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. சித்தப்பா எனக்குப் பின்னால் ஏறினார், அதனால் திரும்ப முடியவில்லை.

அவள் அம்மா கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. கதவிடுக்கில் ஒரு நாற்காலி தெரிந்தது, அதன் முதுகில் அந்த ஏப்ரன் துவைத்துக் காயப் போட்டிருந்தது. கொசுறு எட்டிப் பார்த்தாள். கண் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. நான் வந்திருப்பதைப் பார்த்ததும் சிரிக்கவா வேண்டாமா என்று அம்மா முகத்தைப் பார்த்தாள். "உள்ள போ" என்றார் அவர். போய்விட்டாள்.

நான் சொன்னேன். மூடி மாற்றியதை, டப்பாவை இழுத்ததை, கை கொடுக்காததை. கை கொடுக்காதது ஏன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"திங்கக்கிழமை சாயங்காலமே உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"செவ்வாக்கிழமை முழுக்க இருந்துச்சு. இங்க வர்றதுக்கு இருபது நிமிஷம்கூட ஆகாது. ஏன் வந்து சொல்லல?"

எல்லோரிடமும் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேனே, இந்த வீட்டுக்கு வரலாம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை சித்தி. பெரிய டீச்சர், எச்சரிக்கைக் கடிதம், உங்கள் வேலை, எல்லாம் மண்டையில் இருந்தது. ஆனால் அவர் கேட்டபோது அதில் ஒன்றுமே வாயில் வரவில்லை.

"பயமா இருந்துச்சு" என்றேன்.

"எனக்கு அஞ்சு வருஷமா தினமும் இருக்கு" என்றார் அவர். "காலைல பஸ்ல ஏத்திவிட்டா சாயங்காலம் இறங்கற வரைக்கும் இருக்கு. பக்கத்துல உக்கார்றவங்க என்ன தின்னுட்டு வந்தாங்களோன்னு இருக்கு. உன் பக்கத்துலதான் உக்கார்றேன்னு சொல்லுவா. அப்ப மட்டும் கொஞ்சம் நிம்மதியா இருப்பேன், பெரிய பொண்ணு கூட இருக்கான்னு."

கோபமாகச் சொல்லவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

கீழே இறங்கி சித்தப்பாவோடு வீட்டுக்கு நடந்தேன். தெருவில் யாரோ ஒரு பையன் என் பெயரைச் சொல்லி, "ஏய், இன்னிக்கு என்ன கதை?" என்று கத்தினான். பதில் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி பஸ் நிலையத்துக்கு வருகிறேன். அடுத்த நாள் விசாரணைக்கும் வருகிறேன். எழுதிக் கொடுத்ததைத் திருத்தி, உங்கள் பங்கு உங்களுக்கு, என் பங்கு எனக்கு என்று மாற்றி எழுதிவிட்டேன். இன்று காலை எட்டு மணிக்கே போய்ப் பெரிய டீச்சர் அறை வாசலில் காத்திருந்தேன். நேரில் பார்த்துக் கொடுத்தேன்.

அவர் என்ன சொல்லப் போகிறார் என்று ரொம்பப் பயமாக இருக்கிறது சித்தி. பயமாக இருக்கிறது என்று அவரிடமும் சொன்னேன்.

நான்